முடியாது என்று யார் சொல்வது?

லண்டன் வக்கீலிடம் பேசுவதற்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தைவேல் மாமா போன வாரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டார்.

போட்டுக்கொண்டார் என்பது பேச்சுக்கு. போட்டுவிட்டவர் அந்தோணி... எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர். முகம் மழித்து, பட்டன் பூட்டி, தலை சீவி, நாற்காலியில் உட்கார வைத்தார். நடக்கப் பிடித்துக்கொள்ளும் வாக்கரை மட்டும் கதவுக்குப் பின்னால் தள்ளிவைக்கச் சொன்னார் மாமா.

"அத ஏன் பெரியப்பா ஒளிக்கிறீங்க? வக்கீல் என்ன மாப்பிள்ள பாக்கவா வர்றாரு?"

"இருக்கட்டும்டா. மொத மொத பேசறம். மரியாதைன்னு ஒண்ணு இருக்குதல்ல."

மாமா நாமக்கல் பக்கத்துக்காரர். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். சேலத்தை ஒட்டிய எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தார். எங்களுக்கு உறவு கிடையாது, பழக்கத்தில் மாமா. அத்தை இப்போது இல்லை. ஒரே மகள் பூங்கொடி லண்டனில் வேலை பார்க்கிறாள். அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். மாமாவுக்குக் கை நடுக்க நோய். கொஞ்ச காலமாகக் கால்களும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போய் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பூங்கொடியின் ஆசை. கூட்டிப்போவதில் என்ன சிரமம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டிக்கெட் எடுத்தால் தீர்ந்தது...

அப்படி இல்லையாம். நாட்டுக்கு நாடு வழி வேறு. அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற பிள்ளை, பெற்றவர்களுக்காக மனுப் போடலாம். கனடாவில் இன்சூரன்ஸோடு வருடக்கணக்கில் தங்குகிற விசா இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், யார் யார் எந்த நாட்டில் என்று எண்ணிப் பார்ப்பார்கள். இங்கிலாந்துக்கு விருந்தாளியாகப் போனால் ஆறு மாதம் வரை இருக்கலாம். பிறகு திரும்பிவிட வேண்டும். நிரந்தரமாக இருக்க வேண்டும் என்றால் வழி ரொம்பக் குறுகல். குளிக்க, உடுத்த, சாப்பிட இன்னொருவர் கை வேண்டும் என்று நிரூபிக்க வேண்டும். அது மட்டும் போதாது. மகள் பணம் அனுப்பினாலும்கூட, அந்தக் கை சொந்த ஊரில் கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். (சட்டம் அடிக்கடி மாறும். உங்கள் வீட்டுக்கு வேண்டுமானால் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

வக்கீல் இலங்கைத் தமிழர். போனில் முகம் தெரிந்ததும் கை கூப்பினார். பக்கத்துச் சின்னக் கட்டத்தில் பூங்கொடி.

"வணக்கம் ஐயா. சொல்லுங்கோ, உங்கட சேர்ட்டை நீங்களே போடுவீங்களோ?"

"அதென்னங்க பெரிய வேல. போட்டுட்டுத்தான உக்காந்திருக்கறன்."

அந்தோணி கூரையைப் பார்த்தார்.

"குளிக்கிறதுக்கு ஆர் உதவி?"

"நம்ம அந்தோணி இருக்கறானுங்களே. தங்கமான பையன்."

"சாப்பாடு?"

"இந்த அம்மிணி கொண்டாந்து குடுத்துரும். ஒரு பொழுது தவறுனதில்லீங்க." மாமா என்னைக் காட்டினார்.

"இவை ரெண்டு பேரும் இல்லாட்டி?"

"ஏனுங்க இல்லாமப் போறாங்க? எனக்கென்னங்க கொற? தெருவே பாத்துக்குதுங்க!"

பூங்கொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஐயா, இதை நான் அப்படியே எழுதினால் விசா வராது. அங்க பாக்க ஆக்கள் இருக்கினம் எண்டு சொல்லிப்போடுவினம். பொய் சொல்லச் சொல்லேல்லை. உள்ளதைச் சொல்லுங்கோ." ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கூப்பிடுவதாகவும், அப்போது அந்தோணியிடமும் என்னிடமும் கேட்கப்போவதாகவும் சொன்னார்.

போனை வைத்ததும் மாமாவுக்குக் கோபம்.

"எனக்கு ஆளில்லைன்னு நானே சொல்லோணுமாக்கும்? கேக்கறவன் நாதியத்தவன்னுல்ல நெனைப்பான்!"

அன்று சாயங்காலம் பூங்கொடி என் போனுக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம கேட்டாங்கன்னா முடியாதுன்னு சொல்லீருங்க."

"என்ன முடியாதுன்னு, சாமி?"

"எங்கப்பாவப் பாத்துக்க முடியாதுன்னு."

முடியாது என்ற சொல் யாரிடமும் என் வாயில் வராது. ஆனால் இது வேறு. நான் முடியாது என்று சொன்னால் மாமா போகலாம். ஆனால், போக அவருக்கு ஆசை இருக்கிறதா? முன்பு ஒரு முறை ஆறு மாத விசாவில் போய் வந்தவர், "அங்க என்ன இருக்குது? குளுருதான்" என்றார். எந்த முகத்தோடு அவர் எதிரில் உட்கார்ந்து, அவரை வேண்டாம் என்று சொல்வது?

அதே சமயம்... முடியும் என்று சொன்னால் அது உண்மையா?

போன மாதம் ஒரு நாள் காலையில் அந்தோணி கதவைத் திறந்தபோது மாமா தரையில் கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. "காத்தாடக் கீழ படுத்தன்டா" என்றார். அந்தோணி நம்பியதுபோல் இருந்தார். என்னிடம் வந்து சொன்னார். நானும் நம்பியதுபோல் இருந்தேன். இட்லி கொண்டுபோய்க் கொடுத்து, "இன்னிக்கு வெயிலு சாஸ்திங்க மாமா" என்றேன். அதுதான் மரியாதை என்று நினைத்தோம்.

உடம்பு சரியில்லாத ஒருவரைப் பற்றி ஊரே "அவருக்கு முடியல" என்று பேசிக்கொள்ளும். அவரிடமே கேட்டால் "நல்லா இருக்கறன்" என்பார். உதவுகிறவரைக் கேட்டால் "சிரமமெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். இரண்டுமே நல்ல பொய்கள்தான். ஆனால் அந்த இரண்டு நல்ல பொய்களுக்கும் நடுவில் ஒரு மனிதர் விடிகிறவரை தரையில் கிடக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து அந்தோணி நேராக வந்துவிட்டார். வக்கீல் முதலில் அவரிடம் கேட்டார்.

"தம்பி, நீங்கள் ஐயாவைத் தொடர்ந்து பாக்க ஏலுமோ?"

"பாத்துக்கலாம் சார். அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. யார் எதைக் கேட்டாலும் நம் வாயில் தானாக வருகிற வாக்கியம் அல்லவா அது? மாமா பெருமையாக என்னைப் பார்த்தார். அடுத்து நான்.

"முடியாதுங்க" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நிறுத்தினால் திரும்ப வராது என்று பயந்து சொல்லிக்கொண்டே போனேன். "சோறு கொண்டாந்து வெக்க முடியுங்க. ராத்திரிக்கு ஆளில்லீங்க. அந்தோணி விடிஞ்சாத்தான் வருவாரு. எங்க ஊட்டுலயும் மாமியார் படுக்கையில இருக்கறாங்க. சேலத்துல இருந்து சம்பளத்துக்கு ஆள் வெச்சுப் பாத்தாங்க. பகல்ல வாராங்க, ராத்திரி தங்க மாட்டேங்கறாங்க. போன மாசம் மாமா விழுந்து, விடியற வரைக்கும் தரையிலதான் கெடந்தாருங்க..."

நனைந்த வேட்டியைச் சொல்லவில்லை. அதுவரைக்கும்தான் என்னால் முடிந்தது.

மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பூங்கொடி அழுதாள். அப்பா விழுந்தது அவளுக்கு அன்றுதான் தெரியும். வக்கீல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "டொக்டரிட்ட இருந்தும் விவரம் வேணும். கிடைக்குமெண்டு வாக்குத் தர ஏலாது. ஆனா இப்ப எழுத ஒரு உண்மை இருக்கு" என்றார்.

மறுநாள் கொடுத்த சாப்பாட்டை மாமா தொடவில்லை. பசியில்லை என்று அந்தோணியிடம் சொல்லி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை காலை இட்லியோடு நானே போனேன்.

"பாத்துக்க முடியாதுன்னு சொல்லிப்போட்டு, அப்பறம் எதுக்கு அம்மிணி இட்லியத் தூக்கிட்டு வார்ற?"

தட்டை ஸ்டூலில் வைத்தேன்.

"உங்கள அனுப்பிப்போடோணும்னு சொல்லலீங்க மாமா..."

"போறன்னு நாஞ் சொன்னனா? போகலீன்னு சொன்னனா? ஆராச்சும் என்னையக் கேட்டீங்களா?"

யாருமே கேட்கவில்லை. பூங்கொடிக்கு அழைத்துப்போகிற அவசரம். எங்களுக்கு நல்லவர்களாக இருக்கிற அவசரம். வக்கீலின் கேள்விகளிலும் அது இல்லை.

"போறீங்களா மாமா?"

மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எம்புள்ளகிட்ட இருக்கோணும் அம்மிணி. குளுரு கெடந்தாக் கெடக்குது."

ஸ்பூனை எடுக்கப் போனார். கை நடுங்கியது. எத்தனை சிந்தினாலும் இதுவரை என்னிடம் ஸ்பூனைத் தந்தவரில்லை. அன்று தந்தார். இட்லியை உதிர்த்து, சாம்பார் விட்டு, ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்த வக்கீல் மறுக்காக் கூப்புட்டா, இன்னொண்ணுஞ் சேத்துச் சொல்லு. காத்தாடப் படுக்கலீன்னு சொல்லு. உன்ற பேரச் சொல்லிக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தன்னு சொல்லு."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். இருமினால்கூட இந்தப் பக்கம் கேட்கும்.