வணக்கம் சொன்ன வில்லன்

திருத்தணி கல்யாண மண்டபத்தில் மல்யுத்த ஷோ. நிம்மதியாகப் பார்க்க விட்டாரா பக்கத்து நாற்காலி மீசைக்காரர்? ரிங்கில் யார் சொதப்பினாலும் தலையில் அடித்துக்கொண்டார். "குத்து படறதுக்கு முன்னாடியே வுழறான் பாருங்க!"

அடுத்து வில்லன் வந்தான், முகமெல்லாம் கறுப்புச் சாயம். கூட்டத்தை வம்புக்கு இழுக்க வேண்டியவன், மைக்கைப் பிடித்து, கோயில் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டான். "எல்லாருக்கும் வணக்கங்க. எதுர்ல நிக்கற இவர அடிக்கப் போறேன், தப்பா நெனச்சிக்காதீங்க."

மண்டபமே கைதட்டியது. மீசைக்காரர் மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டார். "ஊரத் திட்டுனாத்தானே ஜனங்க கத்தும்? எத்தினி தபா சொன்னேன்! இன்னிக்கும் கைதட்டு வாங்குனா ஷோவ விட்டே தூக்கிடுவாங்க."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்களுக்கு என்னங்க அதுல?"

"எங்க மாப்பிளங்க அவரு. வீட்லயும் இப்டித்தான். ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டாரு."

"அப்புறம் எதைப் பார்த்துப் பொண்ணு குடுத்தீங்க?"

"அதப் பாத்துத்தாங்க குடுத்தேன்" என்றவர், சட்டென்று எழுந்து, வாயருகே கைகளைக் குவித்து, மண்டபம் அதிர ஊளையிட்டார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

வில்லன் திரும்பினான். மாமனார் நிற்பதைப் பார்த்ததும் பதறிப்போய், ரிங்கிலிருந்தே குனிந்து கும்பிட்டான்.

இந்தத் தடவை தலையில் அடித்துக்கொண்டது நான்.