ரப்பரால் கம்ப்யூட்டரை எழுப்பியவர்

கைபேசியில் ஜெசிந்தாவின் பெயரைப் பார்த்ததும், பேசுவது யார் என்றுகூடக் கேட்காமல் கொட்டிவிட்டேன். "உங்களைத்தாம்மா நெனச்சேன். கம்ப்யூட்டர் மறுபடியும் படுத்துடுச்சு. ஃபேன் சுத்துது, திரையில ஒண்ணும் வரல." அவருடைய கணவரின் குரல் கேட்டது. "அண்ணாச்சி, ஜெசிந்தா காலைல நம்மள விட்டுப் போயிட்டா." சொன்னதை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

மராத்தி பேசும் இந்த ஊரில், விஷ்ராந்த்வாடியிலும் ஏரவாடாவிலும் தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஜெசிந்தாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பழுது பார்க்க ஸ்கூட்டியில் வருவார். தூத்துக்குடிப் பேச்சு மாறவே இல்லை. வந்தவுடன் பெட்டியைத் தொடமாட்டார். உட்கார்ந்து, "கடைசியா நல்லா ஓடுனதுக்கு அப்புறம் யாரு என்ன செஞ்சீங்க?" என்று கேட்பார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான், ஒன்றும் செய்யவில்லை. "ஒண்ணும் செய்யாத வீட்லதான் எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது" என்பார்.

ஒருமுறை தொலைபேசியிலேயே பழுது பார்த்தார். "ரிசீவரைக் கம்ப்யூட்டர் பக்கத்துல வையுங்க. நீங்க பேசாதீங்க, அது பேசட்டும்." பீப் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கீபோர்டு மேல என்ன இருக்கு?" என்றார். என் டிபன் டப்பா இருந்தது. எடுத்தேன். சத்தம் நின்றது. ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பத்தாவதோடு லேத்துக்குப் போனவன் நான். ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் தசராவுக்கு மெஷினுக்குச் சந்தனம் வைத்துப் பழகிய கை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பூஜை செய்தேன். வெளித்தகட்டுக்கு வைத்து என்ன பயன், உழைப்பதெல்லாம் உள்ளே இருப்பதுதானே என்று பக்கத் தகட்டைக் கழற்றினேன். நிமிர்ந்து நின்ற பச்சை அட்டை ஒன்றுக்குக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக வைத்தேன். அதன் பெயர் ராம் என்று பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வைத்திருப்பேன்.

மறுநாள் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த என் மகள் மலர் சுவிட்சைப் போட்டாள். நீளமாக பீப் அடித்தது, திரை கறுப்பாகவே இருந்தது. அடுத்த நாள் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள். "பப்பா, நான்தான் ஃபிரெண்டோட சிடி போட்டேன். என்னாலதான் கராப் ஆயிடுச்சு" என்று அழுதாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா வந்து திறந்தார். உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். மலரை ரப்பர் கொண்டுவர அனுப்பிவிட்டு, "என்ன அண்ணாச்சி, குங்குமம் தீந்து போச்சா?" என்றார்.

"சொல்லிராதீங்கம்மா."

"நான் சொல்லல. நீங்க சொல்லுங்க. பிள்ளை தன் மேல பழியப் போட்டுக்கிட்டு அழுவுதுல்லா?"

அட்டையைக் கழற்றிச் சந்தனத்தைத் துடைத்தார். அதன் பொன்னிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, 'டக்'கென்று திரும்பப் பொருத்தினார். ஒரே ஒரு சின்ன பீப். திரையில் எழுத்து ஓடியது. ப்ராஜெக்ட் அப்படியே இருந்தது.

"உன்னால இல்லம்மா. அது மட்டும் உறுதி. காரணத்த அப்பா சொல்லுவாங்க" என்று என் பக்கம் திரும்பினார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "தூசிம்மா" என்றேன்.

டிபன் டப்பாவை ஊரெல்லாம் சொன்னவர், சந்தனத்தைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். மலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவே தடுமாற்றம். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

ஜெசிந்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. தொழிற்சாலையில் எது பழுதானாலும், யார் மேல் தப்பு என்று தேடுவதற்கு முன், பயந்து நிற்பவனிடம் போய் "உன்னால இல்ல" என்று சொல்லிவிடுவேன். அது உண்மையாக இருந்தால்.

அடக்கத்துக்கு மலரும் வந்திருந்தாள். இன்று ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவள் பொறுப்பில். ஜெசிந்தாவின் கணவரிடம் அன்று நடந்ததைச் சொல்லி அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பப்பாவும் அன்னிக்கு ஒரு வார்த்தை திட்டல, அங்கிள்" என்றாள்.

'நான்தாம்மா செஞ்சேன்' என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜெசிந்தாவும் அங்கேதான் இருந்தார். சொல்லவில்லை.