சாராய லாபமும் ஒரு பரங்கிக்காயும்

நிதிக்குழுக் கூட்டத்தில் பொருளாளர் தன் போனை எங்கள் முன் நீட்டினார். பாலக்கரையில் எங்கள் மாதா கோவில் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வளர்த்தவர் அவர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர்.

“எப்படி ஏறியிருக்கு பாருங்க! மண்டபத்துக்குக் கூரை போட்டுடலாம். எல்லாம் அந்த ஃபண்டுல இருக்கற சாராயக் கம்பெனி ஷேர் பண்ற வேலை.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கூரை பெயர்ந்த அந்த மண்டபத்தை நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் குடியை விட்டவர்கள் அங்கேதான் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் வரும் என் தம்பியும் அந்த வட்டத்தில் ஒருவன். மழை பெய்தால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாத சனிக்கிழமைகளில், அவன் வழியில் எந்தச் சாராயக் கடையிலும் இறங்காமல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்று போன் வரும்வரை என் நெஞ்சு காவிரிப் பாலத்தில் நின்றுகொண்டிருக்கும்.

“அந்தப் பணத்தை எடுத்துடலாங்க” என்றேன்.

“இப்ப எடுத்தா பிடித்தம் போகும். கூரைக்குப் பத்தாது. நாமளா யாரையும் குடிக்கச் சொன்னோம்?”

“நம்ம பணம் எங்க வேலை பாக்குதோ, அங்க நாமளும்தானே வேலை பாக்குறோம்? ஞாயித்துக்கிழமை மனித மாண்புன்னு பிரசங்கம் கேக்குறோம். திங்கட்கிழமை, இன்னும் நாலு பேர் குடிக்கணும்னு காத்திருக்கோமே!”

பங்குச்சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“எடுத்துடுங்க. மிச்சத்துக்கு ஆண்டவர் இருக்கார்.”

“ஆண்டவர் தகர ஷீட் கடையா வச்சிருக்கார், ஃபாதர்?” என்றார் பொருளாளர். ஆனாலும் எடுத்தார். கூரைப் பணத்தில் பெரிய துண்டு விழுந்தது.

திருவிழா வந்தது. பூசை முடிந்ததும் காணிக்கையாக வந்த சேவல், தேங்காய், ஒரு பரங்கிக்காய் எல்லாம் வழக்கம்போல முற்றத்தில் ஏலத்துக்கு வந்தன. ஏலம் விட்டவர் பொருளாளரேதான். பரங்கிக்காயை ஏலத்தில் எடுத்த டீச்சர் ஒருவர் பணத்தைக் கட்டிவிட்டு, காயைத் திருப்பி மேசைமேல் வைத்தார்.

“மறுபடி விடுங்க சார். கூரைக்கு.”

சாராயப் பணம் வேண்டாமென்று எடுத்ததில் கூரைக்குத் துண்டு விழுந்த விஷயம் அதற்குள் கோவில் முழுக்கத் தெரிந்திருந்தது. அடுத்தவரும் திருப்பிக் கொடுத்தார், அதற்கடுத்தவரும். அந்த மஞ்சள் காய் கை மாறிக் கை மாறிச் சூரியன்போலச் சுற்றியது! தொண்டை கட்டிப்போன பொருளாளர், “என் பேர்லயும் ஒரு தடவை!” என்று கத்தினார்.

கடைசியில் எடுத்தவன் என் தம்பி. காயைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான்.

“திருப்பித் தரலையாடா?”

“இன்னும் எத்தனை தடவைதான் விப்பீங்க? வீட்ல கூட்டு வைக்கச் சொல்லிட்டேன்.”

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை வானம் கிழிந்து கொட்டியது. ஓடிப்போய் மண்டப வாசலில் நின்றேன். புதுத் தகரத்தின்மேல் பேய்மழை. உள்ளே, வட்டத்தின் நடுவில், என் தம்பி மழையைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.