சந்தாபுரா வண்டியும் சுருக்கப்பட்ட வரியும்

எங்கள் அலுவலகத்தில் அப்ரைசல் காலம் வந்தால் எல்லோருக்கும் சுத்தத்தின் மேல் திடீர்ப் பற்று வந்துவிடும். மேசையைத் துடைப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் தேடிப்பிடித்து, நாலு வரியை ஒரு வரியாகச் சுருக்கி, சுய மதிப்பீட்டில் அதைச் சாதனை என்று எழுதிக்கொள்வார்கள். கேட்டால் கிளீன் கோட் என்பார்கள்.

என் டீம் லீட் இதில் கைதேர்ந்தவர். தலைமுறைகளாகப் பெங்களூரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம். முன்னோர்கள் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். கோப்பைப் படிக்காமலே கையெழுத்திடும் தோரணை மட்டும் இவருக்குப் பழுதில்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

ஊழியர்களை வீட்டில் கொண்டுவிடும் வேன்களுக்கான செயலி எங்கள் பொறுப்பில் இருந்தது. பெரும்பாலான வேன்கள் ஒரே இடத்துக்குப் போய்த் திரும்புபவை. ஓசூர் சாலை வேனுக்கு மட்டும் பல நிறுத்தங்கள். முதலில் பொம்மனஹள்ளி, கடைசியில் சந்தாபுரா. சந்தாபுராவில் இறங்குகிறவர்களில் நானும் ஒருத்தி.

அதற்கான நிரலைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எப்போதோ யாரோ எழுதிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அதில் ‘ஸ்டாப்’ என்று ஒரு வேரியபிள், அதாவது மாறும் மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயர். முதலில் அதில் பொம்மனஹள்ளி இருக்கும். பிறகு ஒரு லூப் ஒவ்வொரு நிறுத்தமாக நகர்ந்துபோகும். லூப் முடியும்போது ‘ஸ்டாப்’பில் சந்தாபுரா தங்கியிருக்கும். பயணம் முடியும் இடம் இதுதான் என்று அடுத்த வரி அதை எடுத்துக்கொள்ளும். அழகான நிரல் இல்லை. ஆனால் தினமும் என்னை வீட்டில் சேர்த்தது. அதன் தலையில் நான் ஒரு கமென்ட் போட்டு வைத்திருந்தேன்: “லூப் முடிந்த பிறகும் இந்த வேரியபிள் தேவை. காம்ப்ரிஹென்ஷனாக மாற்ற வேண்டாம்.”

லீட் முதலில் கமென்ட்டை நீக்கினார். அடுத்து லூப்பைச் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே வரியாக மடக்கினார். அப்படி மடக்குவதற்குப் பெயர்தான் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்.

“எதுக்கு சார் அந்தக் கமென்ட்டை எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“நல்ல கோட் தானே பேசும்மா. கமென்ட் போட்டா நம்ம கோட் மேல நமக்கே நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். அர்த்த ஆயித்தா?”

புரிந்ததா என்று கன்னடத்தில் கேட்டார். ஆயிற்று. சோதித்துப் பார்த்தாரா என்றால், அதையும் செய்தார். ஒக்கலிபுரம் வேனை வைத்து. அதற்கு இருப்பதே ஒரு நிறுத்தம். முதலும் அதுதான், கடைசியும் அதுதான். சோதனை அமோக வெற்றி.

அன்று மாலை பொம்மனஹள்ளி வந்ததும் டிரைவரின் கைபேசியில் ‘பயணம் முடிந்தது’ என்று வந்தது. பயணம் முடிந்த பிறகு வண்டி நகர்ந்தால் சொந்த உபயோகம் என்று பதிவாகும், ஒப்பந்தமே ரத்தாகலாம். அது எங்கள் அட்மினின் சட்டம். டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“மேடம், ட்ரிப் முடிஞ்சிடுச்சின்னு காட்டுது. இதுக்கு மேல ஓட்டினா என் மேல கேஸ் ஆவும். ஸ்வல்ப இறங்கிக்கோங்க.”

இறங்கினோம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தோம். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டிரைவரின் வீடு பொம்மனஹள்ளியில்தான் இருந்தது. இந்த ஓர் உண்மை போதாதா? வீட்டுக்குச் சீக்கிரம் போக அவரே பயணத்தை முடித்துவிட்டார் என்று மறுநாள் காலையிலேயே அட்மின் மேலாளர் துப்பறிந்து முடித்து, அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நான் லீட்டிடம் போனேன். “சார், நீங்க மாத்தின வரிதான் காரணம்.”

“சான்ஸே இல்ல. லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்ல உள்ள இருக்கற வேரியபிள் வெளியே வரும். நான் காலேஜ்லேருந்து பார்க்கறேன்மா.”

அவர் சொன்னதும் உண்மைதான். அவர் கல்லூரியில் படித்த பழைய பைத்தானில். இப்போது நாங்கள் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பில் அடைப்புக்குறிக்குள் பிறந்த பெயர் அங்கேயே முடிந்துபோகும். வெளியே அதே பெயர் இல்லாமலிருந்தால் பிழை என்று நிரல் கத்தியிருக்கும். இருந்தது, அதனால் கமுக்கமாகப் பொம்மனஹள்ளியைக் கொடுத்துவிட்டது. ஓட்டிக் காட்டினேன்.

“ஓ, இது பைத்தானோட விசித்திரம்” என்றார் பெருந்தன்மையாக. “விக்கியில டாக்குமென்ட் பண்ணிடலாம்.”

எங்கள் அலுவலகக் குறிப்புகளுக்கான அந்த விக்கியில் அவரே பண்ணினார். காம்ப்ரிஹென்ஷன்களில் பெயர்களின் எல்லை பற்றி நீளமான பக்கம். “எதிர்பாராத நடத்தை கவனிக்கப்பட்டது” என்று எழுதியிருந்தார். யார் மாற்றியது, யார் நடுரோட்டில் நின்றது, யாருக்கு வேலை போனது, ஒன்றும் இல்லை. வாசிக்கிறவருக்குப் பைத்தான் மீது பரிதாபமே வரும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்மின் மேலாளருக்கு நான் தனியாக எழுதினேன். டிரைவர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை என்று முதல் வரியிலேயே சொன்னேன். பிறகு: “ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவர் அறைக்குள், ஒருவர் வாசலில். உள்ளே இருந்தவர் சந்தாபுரா வரை கணக்குப் போட்டு முடித்தார். அவரோடு அறையும் மூடப்பட்டது. வாசலில் இருந்தவர் பொம்மனஹள்ளியைப் பிடித்தபடி நின்றிருந்தார். எங்கள் நிரல் வாசலில் இருந்தவரிடம் போய் வழி கேட்டது. முன்பு இந்த அறை கிடையாது. இந்த வாரம் நாங்கள்தான் கட்டினோம்.”

மேலாளர் படித்துவிட்டு, “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார். டிரைவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மன்னிப்பு கேட்கும் வழக்கம் அட்மினில் இல்லை.

நிரலையும் திருத்தினேன். பட்டியலின் கடைசி நிறுத்தத்தையே நேராக எடுக்கும்படி மாற்றி, மேலே எழுதினேன்: “இது தவறினால் சந்தாபுரா போகிறவர்கள் பொம்மனஹள்ளியில் இறக்கிவிடப்படுவார்கள், பழி டிரைவர் மேல் விழும்.” லீட் அதையும் பார்த்தார். “கமென்ட்ல டிரைவர் எதுக்கும்மா வர்றாரு?” என்றார்.

“கோட்ல அவரு வரலையே சார், அதுக்குத்தான்.”

இந்த முறை அவர் அதை நீக்கவில்லை. அப்ரைசலில் அவருக்கு நல்ல மதிப்பெண். காம்ப்ரிஹென்ஷனின் விசித்திரத்தைக் கண்டறிந்து ஆவணப்படுத்தியதற்காக என்று கேள்விப்பட்டேன்.

வேன் இப்போது ஒழுங்காகச் சந்தாபுரா வரை போகிறது. ஆனால் பொம்மனஹள்ளி நிறுத்தத்தில் வண்டி நின்றதும் டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, எங்களுக்குத் தெரியும்படி மேலே தூக்குகிறார்.

“நான் எதையும் அழுத்தல மேடம். பாத்துக்கோங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்று தினமும் சொல்கிறேன். அதன் பிறகுதான் அவர் வண்டியை எடுக்கிறார்.