தரைத்தள வீடு

வீட்டைக் காலி செய்ய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நாங்கள் ஆறு வருடம் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். என் மனைவிக்கு எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் வேறு. மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே எனக்கு வேண்டியதெல்லாம் தரைத்தளத்தில் ஒரு வீடு, அவ்வளவுதான்.

அதற்குள் பதினோரு வீடு பார்த்துவிட்டேன். என் பெயரைச் சொன்னதும் ஒரு வீட்டில் அமெரிக்காவிலிருந்து மகன் திரும்பி வருகிறான். இன்னொரு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது. ஒருவர், "நாங்க சுத்த வெஜிடேரியன் சார்" என்றார். அவர் அதைச் சொல்லும்போது உள்ளேயிருந்து மீன் குழம்பு மணந்தது. சிவாஜிநகரில் எங்கள் ஆட்கள் கொடுப்பார்கள்தான். ஆனால் அங்கே கிடைத்ததெல்லாம் கடைகளுக்கு மேலே, மூன்றாவது மாடி.

அப்போதுதான் புரோக்கர் அந்த யோசனையைச் சொன்னார்.

"சார், நீங்க தமிழ் பேசுறத வச்சி முஸ்லிம்னு யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. மொதல்ல ஃபேமிலியோட போயி வீட்டப் பாருங்க. அவங்களுக்கு உங்களப் புடிச்சிட்டா, அக்ரிமெண்ட் போடறப்ப பேரச் சொல்லிக்கலாம்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காக்ஸ் டவுனுக்கு ஆட்டோவில் போகும்போது என் நாலு வயது மகளுக்குப் பாடம் நடத்தினேன். எங்கள் வீட்டில் தகப்பனை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

"அந்த வீட்ல மட்டும் என்னை அப்பான்னு கூப்பிடணும், சரியா?"

"ஏன் அத்தா?"

"சும்மா, ஒரு விளையாட்டு."

என் மனைவி பர்தாவைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். பொட்டு வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அந்த வயிற்றோடு ஆட்டோவிலிருந்து குதித்திருப்பாள்.

வீடு நன்றாக இருந்தது. வாசலில் ஒரே ஒரு படி. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற டீச்சர், பக்கத்து வீட்டிலேயே தனியாக இருந்தார். என் மனைவியின் வெறும் நெற்றியைப் பார்த்து எங்களைக் கிறிஸ்தவர்கள் என்று நினைத்துவிட்டார். "சர்ச் பக்கத்துலதாம்மா இருக்கு, வயித்துப் பிள்ளையோட கூட நடந்தே போயிடலாம்" என்றார். என் மனைவி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

மகள் என்னை நான்கு முறை அப்பா என்று கூப்பிட்டாள். ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அந்த அம்மா மனம் குளிர்ந்து ஒரு தட்டில் அச்சு முறுக்கு கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் பிஸ்மில்லாஹ் சொல்லாமல் ஒரு வாய் உள்ளே போகாது. சத்தமாகச் சொன்னால்தான் என் மனைவி மகள் பக்கம் தட்டையே நகர்த்துவாள். குழந்தை முறுக்கைக் கையில் எடுத்து, கணீரென்று பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு, பாராட்டுக்காக எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள்.

அந்த அம்மா தட்டை மெதுவாக மேசையில் வைத்தார். "எதுக்கும் என் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

கேட்டைத் தாண்டியதும் நான் மகளை அறைந்தேன். நான் அவளை அடித்தது அதுதான் முதல் தடவை. எதற்கு அடி வாங்கினோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. முறுக்கைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் முந்தானைக்குள் போய் நின்றுகொண்டாள். என் மனைவி ஆட்டோவில் ஏறும் முன் பையைத் திறந்து பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வீடு வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் புரோக்கர் போன் செய்தார்.

"அந்தம்மா மதம்லாம் பாக்க மாட்டாங்களாம் சார். நீங்க மறைச்சதுதான் புடிக்கலயாம். சர்ச் பத்திச் சொன்னப்ப மேடம் தலையாட்டுனாங்களாமே. மொதல்லயே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பாங்களாம்."

"மொதல்லயே சொன்ன பதினோரு வீட்லயும் யாரும் யோசிக்கலயே?"

"அதுவும் கரெக்ட்தான் சார்" என்று வைத்துவிட்டார்.

அந்த அம்மா சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். என் பெயரோடு நேராகப் போய் நின்றிருந்தால் அந்த வீடு கிடைத்திருக்குமா என்று இனி தெரிந்துகொள்ளவே முடியாது.

கெடுவுக்கு முந்தைய நாள் சிவாஜிநகரில், பாத்திரக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி வீட்டுக்குச் சாமான்களை ஏற்றினோம். கடைசியாக என் மனைவி ஏறினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் மாடி வரை வந்தாள். இரண்டாவது மாடியில் பாதிப் படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். முகம் வேர்த்து வெளுத்திருந்தது. கீழே இறங்கவும் தெம்பில்லை, மேலே ஏறவும் தெம்பில்லை. நான் ஒரு படி கீழே நின்று அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காக்ஸ் டவுனிலிருந்து திரும்பிய பிறகு அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"இந்தப் படி வாடகைக்குக் கெடைக்குமான்னு கேளுங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.