நூலகத்திலிருந்து வந்த குறுஞ்செய்தி

வங்காளத்துப் பெஹாலாவில் எங்கள் மத்திய அரசுக் குடியிருப்பில் கேஸ் இணைப்பு, மருத்துவ அட்டை, பள்ளி விண்ணப்பம் என்று எதுவானாலும் கணவரின் கைபேசி எண்ணைத்தான் எழுதுவோம். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் குடும்பங்களில் மனைவி என்பவள் மாற்றல் உத்தரவோடு வரும் இணைப்புத் தாள். பதினாறு வருடப் பழக்கம், என் கை தானாகவே எழுதும். அந்தக் கையை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வீட்டுப் பெண் மதுரைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவன் அவளை அடிப்பது சுவர் தாண்டிக் கேட்கும். கேட்டும் நாங்கள் துர்கா பூஜைக்கு அந்த ஆளோடு பந்தல் பந்தலாகச் சுற்றினோம். வெட்கம் கெட்டவர்கள்.

அவள் கைபேசியை அவன் தினமும் வாங்கிப் பார்ப்பான். என்னுடையதைத் தருகிறேன் என்றேன்.

"வேணாம்க்கா. எங்கிட்டு போறது, யாருகிட்ட சொல்றதுன்னு ஒரு மணி நேரம் தனியா உக்காந்து நானே படிக்கணும்."

அதனால் பொது நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் வசதி. என் வீட்டில், என் கைபேசியில் நடந்ததாக இருக்காது.

உறுப்பினர் படிவம் வங்காள மொழியில் இருந்ததால் நான்தான் நிரப்பினேன். கைபேசி எண் என்ற இடம் வந்ததும் அவளைக் கேட்டேன். அவள் அவன் எண்ணைச் சொன்னாள், நான் எழுதினேன். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

கையில் கொடுத்த உறுப்பினர் அட்டையின் எண்ணைப் போட்டு, கணினியில் 'கணவன் அடித்தால்' என்று தேடினாள். பெண்களுக்கான உதவிப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் திரை சிவந்தது. 'தடைசெய்யப்பட்ட பக்கம். வகை: வன்முறை.' இன்னொன்றைத் திறந்தாள். அதுவும் அப்படியே. நூலகரிடம் போய்க் கேட்டேன்.

"அது மெஷின் செய்யறது அக்கா, என் கையில இல்லை" என்று வங்காள மொழியில் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார்.

அடிப்பவனைத் தடுக்க ஆளில்லை. அடி வாங்கியவள் படிப்பதைத் தடுக்க ஒரு இயந்திரம்!

அன்று மாலை அவன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி போயிருக்கிறது: 'உங்கள் அட்டையில் தடைசெய்யப்பட்ட பக்கம் திறக்க முயற்சி.' பிள்ளைகளின் பெற்றோருக்காகச் செய்த ஏற்பாடாம். எல்லா அட்டைக்கும் போட்டுவிட்டார்கள்.

அலறல் கேட்டதும் ஓடிப்போய்க் கதவை இடித்தேன். மாடி முழுக்க வந்துவிட்டது. அவன் கதவைத் திறந்து கைபேசியை எல்லோருக்கும் நீட்டினான்.

"பாருங்க, லைப்ரரில போய் அசிங்கம் பாத்திருக்கா. எந்தப் புருஷன் சும்மா இருப்பான்?"

பெண்கள் எட்டிப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் உதட்டில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவர்கள் பார்த்த பார்வை வேறு.

"அசிங்கமா? பொண்டாட்டிய அடிக்கிறவன் மேல எங்க புகார் குடுக்கணும்னு சொல்ற பக்கம்டா அது! நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்று கத்தினேன். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்து என் வீட்டுக்குள் கொண்டுவந்து தாழ்ப்பாள் போட்டேன். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் போனோம். அவன் எங்களுக்கு முன்பே வந்து போயிருந்தான். புகார் எழுதும் காவலர் அவளை உட்காரச் சொல்லவில்லை. இரவே ஆஸ்பத்திரியில் அவள் உதட்டில் போட்டிருந்த மூன்று தையலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்து முதல் கேள்வி கேட்டார்:

"நூலகத்துல இந்தப் பொண்ணு என்ன பாத்துக்கிட்டிருந்தா?"