காஞ்சனாவின் காது

தூங்குகிறவர்களைக் கண்டாலே காஞ்சனாவுக்கு ஆகாது. மார்கழி விடியலில் தெருமுனை ஒலிபெருக்கி அலறும்போதும் அசையாமல் தூங்கிய தங்கையின் காதை ஒருநாள் கிள்ளியே விட்டாள். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. எவர்சில்வர் தம்ளர் தரையில் உரசினால் அவளுக்கு உடம்பே கூசும். யாராவது முறுக்குக் கடித்தால் தன் மண்டைக்குள்ளேயே கடிபடுகிற மாதிரி இருக்கும், எழுந்து போய்விடுவாள். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ஒருவர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டுக் காதில் ஒரு குறையும் இல்லை என்று டானிக் எழுதிக் கொடுத்தார். கொழுப்புதான் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள்.

எண்பத்து மூன்றில் அவளைக் கட்டிய சுந்தரபாண்டியன், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ரிங் பிரேம் என்ற நூற்பு மெஷின் ஓட்டுகிறவர். மில்லை ஒட்டிய வீட்டில் ஏழு மாதம் இருந்தார்கள். ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு ஊதும்போது அவள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்குவதைப் பார்த்துவிட்டு, அவரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீடு மாற்றினார். தினமும் பஸ்ஸில் போய் வந்தார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். பாத்திர அலமாரியில் பழைய வேட்டியைக் கிழித்து விரித்தார். சாப்பாடு மட்டும்தான் சரிப்படவில்லை. அவர் மெல்லுகிற சத்தம் அவளுக்குத் தாங்காது. பரிமாறிவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவாள். தன் குரலே தனக்கு உறைக்கும் என்பதால் பேசுவதும் கிசுகிசுப்பாகத்தான். பிள்ளை இல்லை. அதற்காக அழுதவள், இருந்திருந்தால் அதன் அழுகையை எப்படித் தாங்கியிருப்போம் என்றும் நினைத்துக்கொள்வாள்.

எண்பத்தொன்பது வாக்கில் அவர் காது மந்தமாக ஆரம்பித்தது. மறு வருடம் மதுரை டாக்டர், மெஷின் இரைச்சலில் காது நரம்பு செத்துவிட்டது, இனி திரும்பாது என்றார். சொந்தக்காரர்கள் வந்து துக்கம் விசாரித்தார்கள். காஞ்சனாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவள் மனதில் இருந்தது துக்கமில்லை. அடுத்த வீட்டு மாவு மிஷின் ஓடும்போது அவள் காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டிருப்பாள். அவர் நாற்காலியில் சாய்ந்து நிதானமாகப் பேப்பர் புரட்டுவார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும். நமக்குக் கிடைக்க வேண்டியது இந்த மனுசனுக்குப் போய்க் கிடைத்திருக்கிறதே என்று நினைப்பாள்.

அவருக்கு ரேடியோ கேட்க வேண்டுமென்றால் கூரை அதிர வைக்க வேண்டும். அதனால் அதைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். அவள் பேசுவது அவருக்குக் கேட்காது, காது மந்தமானதால் அவர் உரக்கப் பேசுவதை அவள் தாங்கமாட்டாள். இரண்டு வருடம் அந்த வீட்டில் பேச்சே இல்லை என்று சொல்லலாம்.

தொண்ணூற்றிரண்டில் ஒருநாள், ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவள், மேளம் தாங்காமல் பாதியில் எழுந்து வந்தாள். நாலு மணி, முதல் ஷிப்டு விடுகிற நேரம். அவரோடு சேர்ந்தே ஊர் போகலாம் என்று மில் பக்கம் நடந்தாள்.

சுந்தரபாண்டியன் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், தேவதானம் போகிற பஸ்ஸுக்காக ஒருத்தி நின்றாள். நடுவில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டே இருந்தன. அவள் ஏதோ சொன்னாள். அவர் பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். காஞ்சனா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஊசி விழுந்தால் கேட்கிற அந்தக் காதுக்கு ஒரு சொல்கூட எட்டவில்லை. இருவர் வாயும் அசைந்தன, விரல்கள் அசைந்தன, சத்தம் மட்டும் இல்லை. ஒரு லாரி மறைத்தால் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் தன்னிடம் அவர் அப்படிப் பேசி அவள் பார்த்ததில்லை.

இருவரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னால் நேராகப் போய் நின்றாள்.

"யாரு அவ?"

"பாலம்மா. மில்லுல நூல் சுத்துற வைண்டிங்ல இருக்கா. என்னை அண்ணன்னுதான் கூப்பிடுவா."

"அவகிட்டச் சத்தமில்லாம அம்புட்டுப் பேசுதீக. எங்கிட்ட ஏன் பேசல?"

இரண்டையும் வழக்கமான கிசுகிசுப்பில்தான் கேட்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது என்பதை அவர் பதில் சொன்ன பிறகுதான் உணர்ந்தாள்.

"மில்லுக்குள்ள மெஷின் ஓடுகையில எல்லாரும் வாயப் பாத்துத்தான் பேசுவோம். வீட்டுலயும் பாத்திருப்பேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுல்லா பேசுத. நான் எதப் பாக்க?"



அவள் பேசுவதை அவர் பார்த்துப் புரிந்துகொள்வார், சரி. அவருடைய சத்தமில்லாத பேச்சு அவளுக்குப் புரிய வேண்டுமே. அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறுமை இல்லை. மில்லில் புது ஆட்களுக்குப் பாலம்மாள்தான் பழக்குவாள், அவளிடம் கேள் என்றார். காஞ்சனா ஒரு மாதம் மறுத்தாள். அந்த ஒரு மாதமும் தினசரி நாலு மணியானால், இப்போது ரோட்டின் இரண்டு பக்கமும் நின்று என்ன பேசிக்கொண்டிருப்பார்களோ என்று அடுப்பை மறந்து நிற்பாள். அதைவிடப் போய்க் கேட்பதே மேல் என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவதானத்துக்குத் தனியாகப் பஸ் ஏறினாள்.

பாலம்மாள் புருஷனை இழந்தவள். தன் வயதுதான் இருக்கும் என்று தெரிந்ததும் காஞ்சனாவுக்கு எரிச்சல் கூடியது. பாலம்மாள் எடுத்துப் போட்ட நாற்காலியில் உட்காராமலே, அன்றைக்கு எதற்குச் சிரித்தீர்கள் என்று காஞ்சனா கேட்டாள். பாலம்மாள் அவள் வாயையே பார்த்தாள். அவளுக்கு அது நினைவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் காது போச்சு மதினி. எம் மக நல்லாப் பாடுதாளாம், பள்ளிக்கூடத்துல பரிசெல்லாம் வாங்குதா. நான் அவ வாயத்தான் பாக்கேன். உங்களுக்கு எலி ஓடுனாக்கூடக் கேக்கும்னு அண்ணன் சொல்லுவாக. அதக் கேட்டதுல இருந்து உங்கமேல எனக்கு ஒரே பொறாமை."

காஞ்சனா உட்கார்ந்துவிட்டாள். அவள் காதைப் பார்த்து எரிச்சல்பட்டவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு. பொறாமைப்பட்ட ஆள் அதுவரை யாருமில்லை.

மகளைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். குரல் மேல்கட்டைக்கு ஏறும்போது காஞ்சனாவுக்குக் காதுக்குள் கம்பியை விட்ட மாதிரி இருந்தது. மடியில் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். எப்படி இருக்கிறது என்று பாலம்மாள் கேட்டாள்.

"நல்ல குரல். ஆனா வரி முடியுறதுக்கு முன்னாலயே மூச்சு விட்டுருதா. கடைசி எழுத்து காத்தாப் போவுது."

பாலம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எல்லோரும் நல்லா இருக்கு என்பார்களே தவிர, என்ன இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அதன்பிறகு ஆறேழு ஞாயிறு காஞ்சனா போய் வந்தாள். பாலம்மாள் உதட்டைப் படிக்கப் பழக்கினாள். இவள் அந்தப் பெண் பாடுவதைக் கேட்டு, எங்கே சரி, எங்கே பிசகு என்று தாய்க்குச் சொன்னாள். சுந்தரபாண்டியனும் காஞ்சனாவும் வீட்டில் மறுபடி பேசத் தொடங்கினார்கள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் அவள் எதிரே வந்து உட்காருவாள். மில்லில் நடந்ததெல்லாம் சொல்வார், வீட்டுக்குள் ஒரு சத்தம் இருக்காது. தெருவில் அதை ஊமை வீடு என்றார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. தொண்ணூற்றாறில் ஆடிப்பூரத்துக்குப் பாலம்மாளும் மகளும் வந்திருந்தார்கள். கூட்டத்தைத் தாங்கமுடியாமல் காஞ்சனா வீட்டிலேயே இருந்துகொண்டாள். அவர்கள் திரும்பி வந்து, அவரும் பாலம்மாளும் வாயசைத்து வேகவேகமாகப் பேசியபோது அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"செத்த மெதுவாப் பேசுங்க," என்றாள், உதட்டால் மட்டும்.

பாலம்மாள் சிரித்துக்கொண்டே நகர்ந்து, பாயில் அவளுக்கு இடம் விட்டாள்.